காட்டுக்கு "எஞ்சிய" என்று பெயர் வைத்தால்

நிலைபேறான அபிவிருத்தி பற்றி நான் வாசித்த கட்டுரை, காடுகளுக்கு வைக்கும் பெயர்களைத் தொடாமல் போனது எனக்குக் குறையாகவே படுகிறது. இலங்கையில், சட்டப்படி ஒதுக்குக் காடாகப் பிரகடனப்படுத்தாத அரச காடுகளை "ஏனைய காடுகள்", "எஞ்சிய காடுகள்" என்றார்கள். எஞ்சியது என்றால் யாருக்கும் வேண்டாதது என்றுதானே காதில் விழும்? அவற்றைக் காத்துவந்த 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையை 2020 நவம்பரில் நீக்கியபோது கொழும்பில் பலருக்கு அது உறைக்கவேயில்லை.

சிங்கராஜா மழைக்காட்டின் ஓரத்தில் அப்படியொரு துண்டுக் காட்டில் நடந்திருக்கிறேன். மழை விட்டு அரைமணி நேரமாகியும் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன, காலுறைக்குள் அட்டை. களு கங்கையும் ஜின் கங்கையும் அந்த மலைகளின் நீரைத்தான் வாங்கிக்கொள்கின்றன. தமிழில் அறிக்கை எழுதுகிறவர்களே, தயவுசெய்து அந்தத் துண்டுக் காட்டை "எஞ்சிய காடு" என்னாமல் மழைக்காடு என்றே எழுதுங்கள்.

– வெள்ளவத்தை வாசகி