மண் இயற்கையாம்!

ஞாயிறு பின்னேரம் திருகோணமலை டச்சு பே கடற்கரையில் நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடிக்க முடியவில்லை. காரணம் அத்தான். அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தைப் போனில் பார்த்துப் பார்த்தே நிபுணராகிவிட்டார். குதிரையைத் தொட்டதுகூட இல்லை, கோட்டை மானுக்கு வாழைப்பழம் நீட்டியதோடு சரி. வாய் திறந்தால் ஒரே பாட்டு: "தம்பி, சிந்தெடிக் ட்ராக் எல்லாம் பொய். குதிரை ஓட வேண்டியது மண்ணில. மண்தான் இயற்கை."

இயற்கையாம்! விசர் வருகிறது. அக்காவின் புருஷன், கத்தவும் முடியாது.

அந்த மண் ட்ராக் என்ன, சும்மா கிடந்த நிலமா? மணல், வண்டல், களி எல்லாம் அளவு பார்த்துக் கலந்து கொட்டியது. ரேஸுக்கு ரேஸ் டிராக்டர் விட்டுக் கிளறுகிறார்கள், பவுசரில் தண்ணீர் அடிக்கிறார்கள், மழை வரும் போலிருந்தால் இறுக்கி மூடுகிறார்கள். அதுவும் ஆள் செய்ததுதானே? சிந்தெடிக்கில் மணலோடு மெழுகும் நாரும், சிலதில் ரப்பர் துண்டும் சேர்கின்றன.

"செருப்பைக் கழற்றுங்கோ அத்தான்" என்றேன். அலை நனைத்த ஓரத்தில் நடந்தார், பாதம் நின்றது. நாலடி மேலே காய்ந்த மணலில் கணுக்கால் வரை புதைந்தது. ஒரே மணல், ஈரம்தான் வேறு. அரைத் தொன் குதிரை பாய்ந்துவந்து ஒற்றைக் காலில் இறங்கும்போது இந்த நாலடி என்ன பாடு படுத்தும்? மெழுகு போடுவதே மழைக்கும் வெயிலுக்கும் தடம் இப்படி மாறாமல் இருக்கத்தான். 2023இல் அமெரிக்காவில் ஆயிரம் தடவை குதிரை பந்தயத்தில் இறங்கினால் மண்ணில் 1.43 சாவு, சிந்தெடிக்கில் 0.97.

சரி, சிந்தெடிக்கும் சொக்கத்தங்கம் இல்லை. கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டா பந்தயத் திடலில் 2007இல் போட்டது மழைத்தண்ணீர் வடியாமல் அடுத்த வருடத் தொடக்கத்திலேயே ரேஸ் நாட்களை விழுங்கியது. 2010 கடைசியில் மண்ணுக்கே திரும்பினார்கள். பிறகு அமெரிக்காவின் கீன்லண்ட், டெல் மார் திடல்களும் துபாயின் மெய்தானும் அதே வழி. அத்தானின் துருப்புச் சீட்டு இதுதான்: "எல்லாரும் திரும்பிட்டாங்கள், பாத்தீரோ!" மண்ணுக்குத் திரும்பிய அதே சாண்டா அனிட்டாவில் 2019இல் குதிரைகள் அடுத்தடுத்துச் செத்து, மார்ச்சில் ரேஸையே நிறுத்திவைத்தார்களே? அது மட்டும் அவர் வாயில் வராது.

அத்தானின் உண்மையான புண் வேறு. 2008இல் நடந்த பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்ற பெரிய அமெரிக்கப் பந்தயம். முந்தின வருடம் அதை மண்ணில் வென்ற குதிரை கர்லின், அவருடைய கண்மணி, சிந்தெடிக்கில் நாலாவதாக வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த ரேவன்ஸ் பாஸ் வென்றது. குதிரை மறந்திருக்கும், அத்தான் மறக்கவில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் மண் மண்தான் தம்பி" என்று எழும்பினார். செருப்பைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார். காய்ந்த மணலில் இல்லை, அலையோரமாக.