மதிலுக்கு மேலே போனை நீட்டினவர்களுக்கு

நாலு நாளாக அந்த வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்திருப்பீர்கள். சிலர் எனக்கே அனுப்பினீர்கள். விடியற்காலையில் ஒரு மனிதர் தன் விளையில், அதாவது தோட்டத்தில், வாழைக்கு வாழை நின்று, தொட்டு, மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே நடக்கிறார். அதற்கு மேல் "பட்டாளத்துக்காரரு வாழைக்கு பரேடு எடுக்காரு" என்று எழுதி, சிரிக்கிற முகம் வரிசையாகப் போட்டு, குரூப் குரூப்பாக அனுப்பியிருக்கிறீர்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். எனக்கு அண்ணன் முறை. இருபத்துநாலு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அவருக்குப் பைத்தியம் இல்லை. அவர் என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

நானும் பதினேழு வருஷம் முடித்து 2014-ல் வந்தவன். மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் மீசை சரியாக முளைக்காத வயதில் "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்தித் தொண்டை கட்டியவன். சியாச்சினில் மூன்று மாதம் வெள்ளையைத் தவிர வேறு நிறம் பார்க்காமல் இருந்தவன். ஊருக்கு வந்த முதல் வருஷம் என் மனைவி வாசல்படியில் நின்றுகொண்டுதான் என்னை எழுப்புவாள். கிட்டே வர மாட்டாள். ஒரு தடவை தோளைத் தொட்டு எழுப்பியதற்கு அவள் மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கியிருந்தது. நான் செய்தது. எனக்கு நினைவே இல்லை.

கல்யாண வீட்டுக்குப் போனால் "எத்தன பேரச் சுட்ட மக்கா?" என்பார்கள். அடுத்தது, "கோட்டா மிச்சம் உண்டா?" பட்டாளத்துக்காரனுக்குக் கிடைக்கிற மது பாட்டிலைத்தான் கேட்பார்கள். தூக்கம் வருதா என்று ஒருத்தர் கேட்டதில்லை.

அந்த அண்ணன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "ஓணத்துக்குக் குலை வெட்டணும்னா இப்பமே கன்னு வைக்கணும், வா" என்று கூப்பிட்டு வெட்டுக்கத்தியைக் கையில் தந்தார். ஏத்தன், அதாவது நேந்திரன் வாழைக் கன்று சீவுகிற வேலை. இலை ஒடுங்கின ஈட்டிக்கன்றாகப் பார்த்து எடுத்து, வேரைக் கழித்து, கிழங்கில் கூன்வண்டு துளைத்து அழுகின இடத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும். வெள்ளை தெரிகிற வரைக்கும்தான் செதுக்கலாம். ஆழமாகப் போனால் கன்று வீண். பிறகு சாணிப்பாலும் சாம்பலும் கலந்து முக்கி உலர்த்த வேண்டும். அன்றைக்கு நாற்பது கன்று சீவினேன். ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வலது கை நடுங்கும். அது எந்தக் கன்றில் நின்றது என்று தெரியாது. பார்த்தபோது நின்றிருந்தது.

இதைத்தான் சொல்ல வருகிறேன். விளையில் நான் ஹவில்தார் இல்லை, ஊர் சொல்லுகிற வீரனும் இல்லை, மனைவியின் கையை முறுக்கினவனும் இல்லை. கன்று நட வந்த ஒரு ஆள். அந்த ஆளோடு என்னால் இருக்க முடிகிறது. அதுவரை முடியவில்லை.

"மனசுக்குச் சரியில்லேன்னா டாக்டரப் பாக்கணும், வாழையையா பாக்குறது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். டாக்டரையும் பார்த்தேன் தம்பி, மாத்திரையும் சாப்பிட்டேன். யாரும் அதை விடச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பின சிப்பாய்களுக்கு அமெரிக்காவில் படைவீரர் மருத்துவமனைகளிலேயே தோட்டவேலையைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். நாங்கள் கண்டுபிடித்த கிறுக்கு இல்லை இது.

"நிலம் இருக்கிறவன் பேசலாம், மூணு சென்டில் வீடு கட்டினவன் என்ன செய்வான்?" நியாயம்தான். சட்டியில் நாலு கத்தரி வைக்கட்டும். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

"பென்ஷன் வருது, அதான் பொழுதுபோக்கு" என்றவருக்கு மட்டும் நின்று பதில் சொல்வேன். 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். காலையில் விளைக்குப் போனால் குலை தள்ளின வாழை ஒன்று நிற்கவில்லை. பக்கத்து ரப்பர் முறிந்து என் விளைக்குள் கிடந்தது. எல்லா விளையிலும் ஆள்கள் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து அழுதேன், சத்தமாக. அழுதது வாழைக்கு மட்டும் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, பட்டாளத்துக்காரன் அழலாமா என்றும் கேட்கவில்லை. ஊருக்கு வந்து மூன்று வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரன் ஆனேன். இதையா பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

நம்ம கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எத்தனை பேர் பெருமையாகப் பதிவு போட்டீர்கள்! அந்த அண்ணன் விளையில் மட்டியும் நிற்கிறது. பழம் உங்களுக்குப் பெருமை, அதைத் தொட்டுப் பேசுகிற மனிதர் கேலியா? ஆகஸ்ட் 15-க்கு அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினவர்களும் அந்தக் குரூப்பில்தானே இருக்கிறீர்கள்?

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே சிரித்தவர்களில் என் மகனும் ஒருவன். பத்தொன்பது வயது. அவனைத் திட்டவில்லை. அப்பா ஏன் விடியும் முன்னே விளைக்குப் போகிறார் என்று நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. அது என் குற்றம். இந்தப் பதிவை அவன் படிப்பான்.

மக்களே, ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. அண்ணனுக்கு இன்னும் முப்பது வாழைக்கு முட்டுக் கொடுக்கணும். நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் போறேன். கம்பு பிடிக்க ஒரு ஆள் வேணும்.