ஆடத் தெரியாத ராக்கீஸுக்கு டென்வரே கோணல்

2025 மே 10 அன்று பேஸ்பாலில் சான் டியேகோ பாத்ரேஸ் அணியிடம் எங்கள் ஊர் அணியான கொலராடோ ராக்கீஸ் 21-0 என்று தோற்றபோது நான் டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் அரங்கத்தின் மேல்தளத்தில், ஊதா நிற இருக்கை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அந்த அரங்கத்தின் மற்ற இருக்கைகள் எல்லாம் பச்சை. மேல்தளத்தின் இருபதாவது வரிசை மட்டும் ஊதா. கடல் மட்டத்திலிருந்து சரியாக 5,280 அடி, அதாவது ஒரு மைல் உயரம் அந்த வரிசைதான் என்பதைக் காட்டுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பதின்மூன்றாவது ரன்னுக்குப் பிறகு நான் ஸ்கோர்போர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மேற்கே தெரியும் மலைகளைப் பார்க்கத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த என் மகள், "அப்பா, இவங்க ஒரு ரன்னாவது எடுப்பாங்களா?" என்று கேட்டாள். எடுக்கவில்லை. பாத்ரேஸின் ஸ்டீவன் கோலெக் ஒருவரே ஒன்பது இன்னிங்ஸும் பந்து வீசி ஆட்டத்தை முடித்துவைத்தார். கூர்ஸ் ஃபீல்ட் என்றால் பந்து எறியும் பிட்சர்களின் சுடுகாடு என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அந்தச் சுடுகாட்டில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிட்சர் ஒற்றை ரன்கூடக் கொடுக்காமல் உலாவிவிட்டுப் போனார்.

மறுநாள் நடந்தது இன்னும் விசித்திரமானது. அதே பாத்ரேஸை ராக்கீஸ் 9-3 என்று வென்றது. வென்ற கையோடு, 2017 முதல் மேனேஜராக, அதாவது களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பட் பிளாக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது அணியின் கணக்கு 7 வெற்றி, 33 தோல்வி. பிளாக் பெரிய மேதை என்று நான் வாதாடப் போவதில்லை, ஆனால் இந்த அணி கடைசியாக பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுகளைப் பார்த்த 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மேனேஜர் அவர்தான். அவர் கையில் கொடுத்த வீரர்களைத் தேர்ந்தெடுத்தவர்களும், அந்தத் தேர்வுக்குக் காசோலை எழுதியவர்களும் அன்று மாலை தங்கள் நாற்காலிகளில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பருவம் முடிந்தபோது கணக்கு 43 வெற்றி, 119 தோல்வி. முந்தைய ஆண்டு சிகாகோ வைட் சாக்ஸ் 121 முறை தோற்று வைத்த சாதனையை இரண்டு தோல்வியில் தவறவிட்டதற்காக நாம் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டுமாம். ஆனால் தோல்விகளின் எண்ணிக்கையைவிட எனக்கு உறைப்பது வேறொரு கணக்கு: ராக்கீஸ் எடுத்தது 597 ரன், கொடுத்தது 1,021 ரன். வித்தியாசம் 424. இதற்கு முன்பு 1932-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 350-க்குச் சற்றுக் குறைவான ரன் வித்தியாசத்தில் இருந்ததுதான் 1900-க்குப் பிந்தைய பேஸ்பாலின் அடிமட்டம். தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் யாரும் தொடாத அந்தப் பள்ளத்தையும் இன்னும் எழுபது ரன்னுக்கு மேல் ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களின் சராசரி, அதாவது தடுப்பாளர்களின் பிழையால் வந்ததைக் கழித்து ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர்கள் கொடுத்த ரன், 6.65. 1913-ல் இந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக எடுக்கத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு மோசமான எண்ணை எந்த அணியும் கண்டதில்லை. இந்த டென்வரிலேயே பிறந்து வளர்ந்த கைல் ஃப்ரீலேண்ட், ஐந்து ஆட்டங்களை வென்று பதினேழில் தோற்றார். அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் தலை குனிந்து, பிட்சர் நின்று எறியும் மேட்டிலிருந்து இறங்கி நடந்துபோவதைப் பார்க்கும்போது, திட்டுவதற்கு வாய் வராது.

ஜூன் தொடங்கியபோது 9 வெற்றி, 50 தோல்வி. அதன்பின் மயாமி மார்லின்ஸை மூன்று ஆட்டத்திலும் வென்றார்கள். முந்தைய ஆண்டிலிருந்து தொடர்ந்து 22 தொடர்களில் ஒன்றைக்கூட வெல்லாமல் வந்த சங்கிலி அங்கேதான் அறுந்தது. ஒரு தொடரை வென்றதற்கு அக்கம்பக்கத்தில் இனிப்பு வழங்காத குறையாகக் கொண்டாடினோம் என்றால், எங்கள் எதிர்பார்ப்பு எந்த அளவுக்குத் தேய்ந்திருந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் முதல் இன்னிங்ஸிலேயே ஒன்பது ரன் எடுத்தது. நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டேன். மகள்தான் மறுபடி போட்டுவைத்துக்கொண்டு சமையலறைக்கு ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது இன்னிங்ஸில் ராக்கீஸ் ஐந்து ரன் எடுத்து, கடைசியில் பிரென்டன் டாயில் அடித்த ஹோம் ரன்னில் 17-16 என்று வென்றது. சோப்பு நுரை சொட்டும் கையோடு கூடத்தில் நின்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இந்த விளையாட்டை ஏன் பார்க்கிறோம் என்பதற்கு அந்த இரவு போதும். அந்த இரவைக் காட்டியே மீதிப் பருவத்தை விற்றுவிடலாம் என்று நினைக்கும் நிர்வாகத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

ஏனென்றால் இங்கே வியாபாரம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. 119 தோல்வி கண்ட ஆண்டிலும் கூர்ஸ் ஃபீல்டுக்கு 24 லட்சம் பேர் அளவில் வந்தார்கள். இந்த ஊர் என்றைக்குமே அப்படித்தான்: 1993-ல் அணி பிறந்த முதல் ஆண்டிலேயே 44 லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட் விற்று, பேஸ்பாலில் இன்றுவரை யாரும் முறியடிக்காத சாதனையை வைத்தது. ஜூலை மாத மாலை நேரம், வறண்ட இதமான காற்று, மலைகளுக்குப் பின்னால் இறங்கும் சூரியன், கையில் ஒரு குளிர்பானம். ஆட்டம் அதற்கெல்லாம் பின்னணி இசை மாதிரி. எதிரணி ரசிகர்கள் விடுமுறைக்கு வந்து பாதி அரங்கத்தை நிரப்புகிறார்கள். அரங்கத்துக்கு எதிரே மெக்கிரெகர் ஸ்கொயர் என்று உரிமையாளர் மான்ஃபோர்ட் குடும்பம் எழுப்பியிருக்கும் ஹோட்டலும் கடைகளும் இருக்கின்றன. ஆட்டத்தில் தோற்றாலும் அங்கே கல்லாப்பெட்டி தோற்பதில்லை. இங்கிலாந்தின் கால்பந்து லீகாக இருந்தால், கடைசி இடத்தில் முடித்த அணியைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளியிருப்பார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு தண்டனை கிடையாது. எத்தனை முறை ஃபெயிலானாலும் அதே வகுப்பில், அதே பெஞ்சில், தேசிய ஒளிபரப்புப் பணத்தில் அதே பங்கோடு உட்காரலாம்.

இதையெல்லாம் கேட்டால் உடனே உயரத்தைக் காட்டுவார்கள். காற்று மெலிது, பந்து தூரம் போகிறது, நாங்கள் என்ன செய்வோம் என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உயரம் பொய் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். காற்றின் அடர்த்தி குறைவதால் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கிறது. அதைவிட முக்கியமாக, சுழற்றி எறியும் பந்து வளைவதற்குக் காற்றின் பிடிமானம் வேண்டும், அது இங்கே கிடைப்பதில்லை. வேறு ஊரில் மட்டையாளரின் முழங்காலுக்குக் கீழே சரியும் கர்வ்பால், இங்கே இடுப்புயரத்தில் தட்டில் வைத்துக் கொடுத்தது போல் வந்து நிற்கும். பறக்கும் பந்தைத் தடுக்க மைதானத்தைப் பெரிதாகக் கட்டினார்கள், அதனால் காலி இடம் அதிகமாகி, சாதாரண அடிகூட இடைவெளியில் விழுந்து உருளுகிறது. இங்கே நேராக வரும் பந்துக்குப் பழகிய நம் மட்டையாளர்கள், கடலோர ஊர்களுக்குப் போனதும் அங்கே வளையும் பந்தைக் கண்டு காற்றை வெட்டுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் இந்தக் காற்று நேற்று வந்ததா? முப்பத்து மூன்று பருவங்களாக இதே உயரத்தில்தான் ஆடுகிறார்கள். எதிரணியும் அதே காற்றில்தான் எறிகிறது. தவிர, உயரமே வில்லன் என்றால் வெளியூரில் ஓரளவாவது ஜெயிக்க வேண்டும். இவர்களோ உள்ளூரைவிட வெளியூரில் மோசமாகத் தோற்றார்கள்.

என் ஆற்றாமை என்னவென்றால், உலகத்திலேயே மிகச் சிக்கலான கூடத்தில் ஆடும் அணிதான், அந்தக் கூடத்தைப் பற்றி எல்லோரையும்விட அதிகமாக ஆராய்ந்திருக்க வேண்டும். 2002-ல், பந்து காய்ந்து அதிக தூரம் பறக்காமல் இருக்க, பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கத் தொடங்கியபோது ராக்கீஸ்தான் முன்னோடி. இன்று எல்லா அரங்கங்களிலும் அந்த அறை இருக்கிறது. அந்த ஒரு யோசனையோடு மூளையைப் பூட்டி வைத்துவிட்டார்கள். மற்ற அணிகள் இயற்பியல் படித்தவர்களையும் புள்ளியியலாளர்களையும் கூட்டமாக வேலைக்கு எடுத்தபோது, இங்கே அந்தத் துறை பெயருக்கு இருந்தது என்பது பேஸ்பால் உலகில் ஊரறிந்த விஷயம். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொது மேலாளர் பதவி காலியானால் வெளியே தேடுவதில்லை, அடுத்த மேசையில் இருப்பவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஜெஃப் பிரிடிச்சும் உள்ளிருந்து வந்தவர், அவருக்குப் பின் 2021-ல் வந்த பில் ஷ்மிட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே இருந்தவர். 2025 ஜூனில், அணி சரித்திரத்தின் மோசமான பருவத்தின் நடுவே, உரிமையாளர் டிக் மான்ஃபோர்ட்டின் மகன் வாக்கருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

வீரர்களை இவர்கள் கையாண்ட விதத்தைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். 2019-ல் அணியின் நட்சத்திரம் நோலன் அரெனாடோவுக்கு 26 கோடி டாலருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டே ஆண்டில் அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு அனுப்பி, கூடவே ஏறத்தாழ 5 கோடி டாலரையும் கொடுத்தார்கள். பெண்ணைக் கொடுத்துச் சீரும் கொடுப்பார்கள். வீட்டுத் தூணைப் பிடுங்கிக் கொடுத்து வண்டிச் சத்தமும் கொடுத்த கதையை அன்றுதான் பார்த்தேன். அடுத்து இன்னொரு நட்சத்திரம், டிரெவர் ஸ்டோரி. 2021-ல் அவர் விலகப்போகிறார் என்பது டென்வர் டாக்சி ஓட்டுநர் வரை தெரிந்த செய்தி. விற்று நான்கு இளைஞர்களை வாங்கியிருக்கலாம். விற்கவில்லை, ஒப்பந்தம் முடிந்ததும் அவர் பாஸ்டனுக்குப் போய்விட்டார். மிச்சப்பட்ட பணத்தை 2022-ல் கிரிஸ் பிரையன்ட்டிடம் கொட்டினார்கள்: ஏழு ஆண்டு, 18.2 கோடி டாலர். நான்கு பருவங்களில் அவர் ஆடியது 170 ஆட்டம்; 2025-ல் பதினொன்று. முதுகுத்தண்டின் தேய்மானத்துக்கு அவர் என்ன செய்வார், அவரை நான் குறை சொல்லவில்லை. முப்பது வயதில், ஏற்கெனவே காயங்களோடு வந்த ஒருவருக்கு 2028 வரை பணம் தருவதாகக் கையெழுத்திட்டவர்களைத்தான் சொல்கிறேன்.

சம்பள உச்சவரம்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உரிமையாளர் பேசிவருகிறார். எங்கள் பிரிவில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 30 கோடி டாலருக்கு மேல் சம்பளத்துக்கே செலவழிக்கிறது என்பது உண்மைதான். அவர்களை வருடம் முழுக்க எதிர்கொள்வது கொடுமைதான். ஆனால் 2025-ல் அதிக ஆட்டங்களை வென்ற அணி டாட்ஜர்ஸ் கிடையாது. டென்வரைவிடச் சிறிய ஊரான மில்வாக்கியின் புரூவர்ஸ், 97 வெற்றி. அவர்களிடம் பணமா இருக்கிறது?

இனி வரப்போவது என்ன? முதன்முறையாக ஒரு சன்னலையாவது திறந்திருக்கிறார்கள். ஷ்மிட் விலகிய பிறகு, 2025 நவம்பரில் அணியைக் கட்டும் பொறுப்புக்கு பால் டிபொடெஸ்டாவை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். ஓக்லாண்ட் அணியின் பொது மேலாளர் பில்லி பீனுக்குப் பக்கத்தில் இருந்து, எண்களை வைத்து ஏழை அணியை ஜெயிக்க வைத்தவர்களில் ஒருவர். ஆனால் 2016 முதல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்தவர். பத்து ஆண்டில் பேஸ்பால் நிறைய மாறிவிட்டது, அந்த இடைவெளி எனக்கு உறுத்துகிறது. இருந்தாலும் அவரைக் கொண்டுவந்ததை நான் வரவேற்கிறேன், முழு மனதோடு இல்லாவிட்டாலும். கேட்ச்சர் ஹன்டர் குட்மேன் 31 ஹோம் ரன் அடித்தார், நட்சத்திர வீரர்களின் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அவர் இருக்கிறார். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுத்த சார்லி காண்டன் இருக்கிறார். 2007-ல் எங்களை உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டி வரை கொண்டுபோன மேட் ஹாலிடேயின் மகன் ஈதன் ஹாலிடே இருக்கிறார், இன்னும் பள்ளிப் பிள்ளையின் முகத்தோடு. ரயன் மெக்மேனை யாங்கீஸுக்கு விற்று இரண்டு இளம் பிட்சர்களை வாங்கியது, ஸ்டோரி விஷயத்தில் செய்திருக்க வேண்டியதை நான்கு ஆண்டு தாமதமாகச் செய்ததுதான்.

இதிலும் ஒரு வயிற்றெரிச்சல் பாக்கி. மோசமாகத் தோற்ற அணிகளுக்கே டிராஃப்டில் முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், அதை லாட்டரி போட்டு முடிவு செய்வார்கள்; இத்தனை தோற்றதற்கு 2026 டிராஃப்டில் முதல் இடமாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் லாட்டரியில் முன்னிடம் வாங்கிய எங்களைப் போன்ற அணி மூன்றாம் ஆண்டு அதில் சேர முடியாது என்பது விதி. ஆக, 119 தோல்விக்குக் கிடைத்த கூலி பத்தாவது இடம். தோற்பதிலும் முறையாகத் தோற்கத் தெரியவில்லை.

டிபொடெஸ்டாவுக்கு ஐந்து ஆண்டாவது வேண்டும். பிட்சர்களை இந்தக் காற்றுக்கென்றே தேர்ந்தெடுத்து, இந்தக் காற்றிலேயே வளர்க்க வேண்டும். கீழ்நிலை அணிகளிலிருந்து அதைத் தொடங்க வேண்டும். அதற்குள் உரிமையாளர் பொறுமை இழந்து இன்னொரு பிரையன்ட்டைத் தேடிப் போகாமல் இருக்க வேண்டும். அவர் போவார் என்றே நான் நினைக்கிறேன்.

வரும் ஏப்ரலில் ஒரு ஆட்டத்துக்காவது கூட்டிப்போகச் சொல்லி மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதே ஊதா வரிசைதான் வேண்டுமாம். அந்த 24 லட்சத்தில் நானும் ஒருவன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பாத்ரேஸ் வரும் நாளாக மட்டும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.