அறிவிப்புப் பலகையில் தொடங்கிய அணி

2025-இல் டுர்பீனே போட்ஸ்டாம் என்ற பெண்கள் கால்பந்து அணி மறுபடியும் ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீகான பண்டஸ்லிகாவின் கடைசி இடத்துக்குப் போய் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. "சின்ன கிளப், இந்தக் காலத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கும்?" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஆறு முறை பண்டஸ்லிகா, மூன்று முறை ஜெர்மன் கோப்பை, இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற அணி அது. அதை எந்தக் கணக்கில் சின்ன கிளப் என்கிறோம்?

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். டுர்பீனே என்றால் மின்நிலையத்தில் சுழலுகிற டர்பைன்தான். கிழக்கு ஜெர்மனியில் தொழிற்சாலைகளும் அரசு நிறுவனங்களும் தங்கள் ஊழியர்களுக்கு விளையாட்டு மன்றங்கள் நடத்தின. மின்துறை சார்ந்த மன்றங்களுக்கு இந்தப் பெயரை வைப்பார்கள். 1970 முடிந்து 1971 பிறக்கிற சமயத்தில், போட்ஸ்டாமில் மின்விநியோகம் செய்த அரசு நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. பெண்கள் கால்பந்து அணி தொடங்குகிறோம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று ஓரிரு வரிதான். அங்கே வேலை பார்த்த பெர்ன்ட் ஷ்ரோடர், முன்னாள் கோல்கீப்பர், பயிற்சியாளர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நடுவில் சில ஆண்டுகள் தவிர 2016 வரை அவர்தான் பயிற்சியாளர்! ஒரு மனிதரின் உழைக்கும் வயது முழுக்க அந்த ஓரிரு வரியில் அடங்கிப்போனது.

அதே காலத்தில் மேற்கு ஜெர்மனி நிலவரம் என்ன? 1955-இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. தடை விலகியது 1970 அக்டோபர் கடைசியில். கிழக்கில் தடை இல்லை, ஆனால் மதிப்பும் இல்லை. அந்த அரசுக்கு ஒலிம்பிக் பதக்கம்தான் முக்கியம். பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்கில் அப்போது கிடையாது, 1996-இல்தான் வந்தது. அதனால் இவர்கள் ஆட்டம் பொழுதுபோக்குக் கணக்கில் போனது. 1979-இல் நாடு தழுவிய போட்டி தொடங்கியபோதும் அதைச் சாம்பியன்ஷிப் என்று அழைக்க மனமில்லை. 'சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்தல்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பட்டத்தை போட்ஸ்டாம் பெண்கள் ஆறு முறை வென்றார்கள்.

கிழக்கு ஜெர்மனியின் பெண்கள் தேசிய அணி தன் வாழ்நாளில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். 1990 மே 9, போட்ஸ்டாமின் கார்ல் லீப்க்னெக்ட் ஸ்டேடியம், எதிரணி செக்கோஸ்லோவாக்கியா. 0-3 என்று தோற்றார்கள். சில மாதங்களில் நாடே இல்லாமல் போய்விட்டது. அந்த ஒரே ஆட்டத்துக்கும் பயிற்சியாளர் ஷ்ரோடர்தான்.

நாடு போனது, அணி போகவில்லை. 1994-இல் பண்டஸ்லிகாவுக்கு ஏறினார்கள். 1999-இல் தனிக் கழகமாகப் பிரிந்தார்கள். 2004-இல் முதல் பண்டஸ்லிகா பட்டம், 2005-இல் ஐரோப்பியக் கோப்பையான யுஏஃபா பெண்கள் கோப்பை. அப்புறம் 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு பண்டஸ்லிகா.

2010 மே 20-ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த ஐரோப்பியக் கோப்பை பெண்கள் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறி நடந்த முதல் இறுதிப்போட்டி, மாட்ரிட் பக்கத்தில் கெடாஃபேயில். எதிரே பிரான்சின் லியோன். கூடுதல் நேரமும் முடிந்து 0-0, ஆட்டம் பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. போட்ஸ்டாம் கோல்கீப்பர் அன்னா ஃபெலிசிடாஸ் சார்ஹோல்ஸுக்கு வயது பதினேழு. இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். போதாதென்று தானே பந்தை எடுத்துவைத்து ஒன்றை உதைத்து உள்ளே போட்டார். 7-6 என்று போட்ஸ்டாம் வென்றது. அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. முடிவு தெரிந்திருந்தும், அவர் பந்துக்கு முன்னால் நிற்கிற அந்த நொடியில் இன்றும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

இப்படிப்பட்ட அணி எப்படிச் சரிந்தது? 2022-இல் லீக்கில் நான்காம் இடம், கோப்பையில் இறுதிப்போட்டி. அடுத்த ஆண்டே கடைசி இடம். வீராங்கனைகள் கொத்தாகக் கிளம்பினார்கள், நிர்வாகத்திலும் குழப்பம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் காரணம் காட்டுவது நியாயமில்லை. ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் பணத்தோடு வூல்ஃப்ஸ்பர்க் கிளப் வந்தது, பிறகு பேயர்ன் மியூனிக் வந்தது. ஆண்கள் அணியின் வருமானத்தைக் கொண்டு பெண்கள் அணி நடத்துகிறவர்களோடு, பெண்கள் கால்பந்தைத் தவிர வேறு வருமானமே இல்லாத கழகம் எத்தனை நாள் மல்லுக்கட்டும்? நான்கு ஐரோப்பியக் கோப்பை வென்ற ஃப்ராங்ஃபர்ட் பெண்கள் கழகமே 2020-இல் அதே ஊரின் ஆண்கள் கிளப்பான ஐன்ட்ராக்ட்டோடு இணைந்துவிட்டது. டூயிஸ்பர்க் பெண்கள் கழகம் திவாலாகி, அணி அந்த ஊரின் ஆண்கள் கிளப்பான எம்எஸ்வி கையில் போனது.

பெரிய கிளப்புகள் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. வீராங்கனைகளுக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, ஸ்டேடியங்கள் நிறைகின்றன, நல்லதுதான். ஆனால் அவர்கள் வந்து உட்கார்ந்த லீக்கை, காசும் கூட்டமும் இல்லாத காலத்தில் கட்டிக் காத்தது யார்? ஜெர்மன் சங்கம் லீக் வருமானத்தில் ஒரு பங்கை, பெண்கள் கால்பந்தை மட்டுமே நடத்துகிற கழகங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய பழைய பாக்கி இது. பதினைந்து ஆண்டுகள் தடை போட்டு வைத்திருந்த சங்கத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பும் உண்டு.

எந்த டிவிஷனில் ஆடினாலும் சரி, சனி ஞாயிறு வந்தால் நான் முதலில் தேடுவது போட்ஸ்டாம் ஸ்கோரைத்தான்.