முதுகுக்கு நல்ல மெத்தையாம்

கொழும்பு காலி வீதியில எந்தக் கடைக்குள்ள போனாலும் மெத்தைக்கு ஒரே பேர்தான், ஓர்த்தோபீடிக். உள்ள என்ன ஃபோம், டென்சிட்டி எவ்வளவு எண்டு கேட்டா "நல்ல ஹார்ட் அண்ணா, முதுகுக்கு நல்லம்" எண்டுட்டு விலையைக் காட்டுறாங்கள். டென்சிட்டி எண்டுறது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எண்டுறது, அது கூடவா இருந்தா கெதியில பள்ளம் விழாது, ஆனா ஹார்டா சொஃப்டா எண்டுறது வேற விஷயம், விக்கிற ஆக்களே ரெண்டையும் போட்டுக் குழப்பினா வாங்கிற சனம் என்ன செய்யிறது? 2003ல ஸ்பெயின்ல நாரி நோ உள்ள 313 பேரை வச்சு செஞ்ச ஆய்வுல, நல்ல ஹார்டான மெத்தையை விட நடுத்தரமானதுல படுத்த ஆக்களுக்குத்தான் நோ கூடக் குறைஞ்சிருக்கு. அதிலயும் சரிஞ்சு படுக்கிற ஆக்களுக்கு தோள்மூட்டும் இடுப்பும் கொஞ்சம் பதியோணும், பலகை மாதிரி இருந்தா எப்பிடிப் பதியும்? சரி, படுத்துப் பாப்பம் எண்டா பொலித்தீனைக் கழட்ட விடமாட்டாங்கள். இந்தக் கொழும்புப் புழுக்கத்துக்கு உடம்பு வடிவுக்குப் பதியிற மெமரி ஃபோமை வேற தலையில கட்டப் பாக்குறாங்கள், அது உடம்புச் சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். றப்பர் விளையிற நாடு, றப்பர் பால்ல இஞ்சயே செய்யிற லேட்டெக்ஸ் மெத்தை வெளிநாட்டுக்கெல்லாம் போகுது, ஆனா இஞ்ச உள்ள சாதாரண ஆக்களுக்கு அதின்ர விலை கிட்டவும் போகேலாது!