"பிரச்சினைன்னா வண்டியையே மாத்திக் குடுத்துடுவோம் சார்"

மறுபடியும் அதே டயலாக். புதுக் கார் புக் பண்ணப் போற ஆள்கிட்ட ஷோரூம்ல கூசாம சொல்றாங்க. எந்தச் சட்டப்படி மாத்திக் குடுப்பீங்க? அதை அப்படியே லெட்டர்பேடுல எழுதி சீல் வச்சுக் குடுங்கன்னு கேட்டா மட்டும் ஏன் மேனேஜரைத் தேடி உள்ளே ஓடுறீங்க?

நம்ம நாட்டுல புதுக் காரைப் பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்க ஒரு நாள் அவகாசம்கூடச் சட்டத்துல கிடையாது. திரும்பத் திரும்பச் சரிபண்ணியும் கோளாறு தீராத புது வண்டியைக் கம்பெனி மாத்தித் தரணும், இல்லை பணத்தைத் தரணும்னு அமெரிக்காவுல இருக்குற லெமன் சட்டம் மாதிரி இங்கே எதுவும் இல்லை. ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தா, படிச்சுப் பார்த்துத் திருப்பிக் குடுக்க 30 நாள் இருக்கு. வீட்டுக்கு அடுத்தபடியா ஒரு குடும்பம் போடுற பெரிய காசு கார்தான். இதுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. பழைய கார் விக்கிற சில கம்பெனிங்க சில நாள் ரிட்டர்ன் தர்றாங்களே, அது அவங்களா வச்ச விதி, கிலோமீட்டர் வரம்போட. அதைப் பார்த்துட்டுப் புது வண்டிக்கும் உண்டுன்னு நம்பிடாதீங்க.

டெலிவரிக்கு மறுநாள் நடக்குறதைப் பாருங்க. பானட்ல கட்டின மாலைகூட இன்னும் வாடலை. ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவது போட்டா கரகரன்னு சத்தம். நேத்துவரைக்கும் தினம் பத்து கால் பண்ணின சேல்ஸ் தம்பி இன்னிக்கு, "இனிமே சர்வீஸ்ல பேசிக்கோங்க சார்". சர்வீஸ் அட்வைசர் வர்றார். ஏசியை ஃபுல்லா வச்சு, கண்ணாடியை ஏத்தி, பாட்டையும் போட்டு ஷோரூமைச் சுத்தி ஒரே ரவுண்டு. சத்தம் எங்கேயிருந்து கேக்கும்? இறங்கி, "எல்லா வண்டியிலயும் இப்படித்தான் சார் இருக்கும்". அடுத்தது, "ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆயிடும்". அப்புறம் ஜாப் கார்டுல, அதாவது நம்ம புகாரையும் செய்யுற வேலையையும் எழுதுற சர்வீஸ் சீட்டுல, 'ஜெனரல் செக்கப்'னு ரெண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுவார்.

போடாதீங்க! அந்த ரெண்டு வார்த்தையிலதான் உங்க கேஸே செத்துப்போகுது. "2-ல இருந்து 3 போடும்போது சத்தம், இஞ்சின் சூடான பிறகு அதிகம்"னு நீங்க சொன்னது சொன்னபடி ஏறணும். தேதி, உள்ளே விட்டப்போ கிலோமீட்டர், வெளியே எடுத்தப்போ கிலோமீட்டர், மாத்தின பாகம், எல்லாம் இருக்கணும். வாரன்டியில மாத்தினா காசு இல்லைங்கறதால பில்லே தராம அனுப்புவாங்க. பூஜ்யம் ரூபாய்னாலும் பில் வாங்குங்க. அன்னிக்கே டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு மெயில். அஞ்சு தடவை விட்டு எடுத்துட்டு, ஜாப் கார்டு அத்தனையிலயும் 'ஜெனரல் செக்கப்'னு இருந்தா எந்த நுகர்வோர் ஆணையம் நம்பும்?

ஏன்னா உற்பத்திக் குறைபாடுன்னு நிரூபிக்க வேண்டியது வாங்கினவர்தான். வாரன்டி புக்குல இருக்குறது கெட்ட பாகத்தைச் சரிபண்ணித் தர்ற வாக்குறுதி, வண்டியைத் திரும்ப எடுத்துக்குற வாக்குறுதி இல்லை. மாத்தக்கூடிய பாகத்துக்காக முழு வண்டியை மாத்தச் சொல்ல முடியாதுன்னு உச்ச நீதிமன்றமே 2006-ல சொல்லியிருக்கு. திரும்பத் திரும்பச் சரிபண்ணியும் அதே கோளாறு, நிபுணர் அறிக்கையும் கையில இருக்குன்னாதான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேற வண்டியோ பணமோ கேட்டு வாதாட முடியும். வண்டிக்குக் குடுத்த காசு 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையம். நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம், ஆனா 2 வருஷத்துக்குள்ள. பரிசோதனை தேவைப்படுற வழக்கை 5 மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. நடக்குறது வருஷக்கணக்கு. அதுவரைக்கும் மாசா மாசம் இஎம்ஐ யார் கட்டுறது?

இத்தனை அவதிக்கும் காரணம், வண்டியைக் கண்ணால பார்க்குறதுக்கு முன்னாடியே ரிஜிஸ்ட்ரேஷனை முடிச்சுடுறது. ஆர்சியில பேர் ஏறிட்டா அது பழைய வண்டி, அடுத்து வாங்குறவர் ரெண்டாவது ஓனர். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு தமிழ்நாட்டுல 18 சதவீதம் சாலை வரி வேற கட்டியாச்சு. டீலர் ஏன் திரும்ப எடுக்கப் போறார்? உங்க பிடி மொத்தமும் அதுக்கு முன்னாடிதான். முழுப் பணம் கட்டாம, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு விடாம, டீலர் புது வண்டிகளை நிறுத்தி வச்சிருக்குற ஸ்டாக்யார்டுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்துல பாருங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2324-னா 2024-ல 23-வது வாரம் செஞ்ச டயர். நாலு டயரும் ஒரே காலமா? வண்டியில அடிச்சிருக்குற அடையாள எண்ணான சேசிஸ் நம்பர் இன்வாய்ஸோட ஒத்துப்போகுதா? கதவுக் கீல் போல்ட்ல பெயின்ட் உதிர்ந்திருந்தா ஸ்பேனர் பட்டிருக்கு. பெயின்ட் கனம் அளக்குற மீட்டர் ஒரு பேனல்ல மட்டும் ரெண்டு மடங்கு காட்டினா அங்கே மறுபடி அடிச்சிருக்காங்க. ஓடோமீட்டர் 100-ஐத் தாண்டியிருந்தா ஏன்னு கேளுங்க. இதுல ஒண்ணு இடிச்சாலும் "இந்த வண்டி வேணாம், வேற சேசிஸ் ஒதுக்குங்க"ன்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. "யார்டுக்கு கஸ்டமரை விடமாட்டோம் சார்"னா, புக்கிங் பணத்தைத் திருப்பிக் கேட்டு அன்னிக்கே மெயில் அனுப்புங்க.

அப்புறம் இன்னொண்ணு, இதை யாராவது கேக்க மாட்டாங்களா? பத்துப் பன்னெண்டு லட்சம் வாங்கிட்டு, கேக் வெட்டி, பெரிய சாவி அட்டையைக் குடுத்து போட்டோ எடுத்து அனுப்புறீங்களே, டேங்க்ல அஞ்சு லிட்டர் பெட்ரோல் ஊத்தக் கூடாதா? சாவியைத் திருப்பினதும் பெட்ரோல் லைட் எரியுது. மொத்தக் குடும்பமும் புது வண்டியில முதல்ல போறது கோயிலுக்கு இல்லைய்யா, பங்க்குக்கு!