இரும்மா

ரெண்டு வாரமா கடையில காணோமே, ஏதாச்சும் விசேஷமான்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்க எல்லாருக்கும் சேத்து இங்கயே சொல்லிடறேன். விசேஷம் ஒன்னுமில்லீங்க. இடது கால்ல வெரிக்கோஸ் ஆபரேஷன், காலு முடிச்சு முடிச்சாப் பொடைக்குமே, அதுக்கு. காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுல நானே காபி வெச்சுக் குடிச்சேன். அவ்வளவுதான் ஆபரேஷன். ஆனா அங்க போய்ச் சேர எனக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அதைப் பத்தித்தான் கொஞ்சம் பேசணும்.

தெரியாதவங்களுக்கு: வீடு கேரளாவுல கொழிஞ்சாம்பாறை, வேலை தமிழ்நாட்டுல பொள்ளாச்சியில ஒரு ஜவுளிக்கடை, சேலை செக்‌ஷன். சித்தூர் அரசுக் கல்லூரியில தமிழ் பி.ஏ. படிச்சவ. தினமும் ரெண்டு மாநில எல்லையில இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட்டத் தாண்டிப் போயி, தாண்டி வர்றேன். பஸ்லயும் பாதி நாள் நின்னுட்டுத்தான்.

காலு மொதல்ல கனக்க ஆரம்பிச்சுது. ராத்திரி எட்டு மணிக்கு மேல ரெண்டு காலும் தண்ணியில ஊறுன சாக்கு மாதிரி இருக்கும். படுத்தா நடுச்சாமத்துல கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், எந்திரிச்சுச் சுவத்தப் புடிச்சுட்டு நிப்பேன். ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் முழங்காலுக்குக் கீழ பச்சையா முடிச்சு முடிச்சாப் பொடச்சுட்டு வந்துச்சு. "நரம்பு சுருட்டிக்கிச்சு, தைலம் போட்டு நீவு"ன்னாங்க அம்மா. நீவுனேன். எத்தனை பாட்டில்னு கணக்கு இல்லை. போன வருஷம் கணுக்காலுக்கு உள்பக்கம் தோலு கறுத்து, அரிச்சு, சொறிஞ்ச இடத்துல சின்னப் புண்ணு. மூணு மாசமாகியும் ஆறலை. அப்பத்தான் பயம் வந்துச்சு.

பாலக்காட்டுல பாத்த டாக்டர் மொதல்ல சொன்னதே, "இது ஞரம்பு அல்ல கேட்டோ"ன்னு. நம்ம ரெண்டு பாஷைக்காரங்களுக்கும் இதுல ஒரே கொழப்பம். ரத்தக்குழாயையும் நரம்புங்கறோம், வலியக் கொண்டுபோற நரம்பையும் நரம்புங்கறோம். அதனாலதான் பாதிப்பேரு நரம்பு டாக்டர்கிட்டப் போயி நிக்கறாங்க. இது சிரை. கால்ல இருந்து ரத்தத்த மேல நெஞ்சுக்குக் கொண்டுபோற குழாய். மேல ஏறுன ரத்தம் கீழ விழாம இருக்க அதுக்குள்ள வழிநெடுக வால்வு இருக்கு. தள்ளிவிடறது கெண்டைக்கால் சதை. நடந்தாத்தான் அந்தச் சதை பிழியும். ஒரே எடத்துல நின்னா பம்பு ஓடாது, ரத்தம் தேங்கும், குழாய் விரியும், வால்வு ஒன்னோட ஒன்னு சேராது. எங்க பக்கத்து விவசாயிங்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம். ஃபுட் வால்வு (ஏத்துன தண்ணி திரும்பக் கிணத்துல இறங்காமத் தடுக்கறது) போன கிணத்து மோட்டாருன்னு சொன்னா வீட்டுக்காரருக்கே ஒரே நிமிஷத்துல புரிஞ்சுது.

ரத்த ஓட்டம் பாக்கற டாப்ளர் ஸ்கேன் நிக்க வெச்சுத்தான் எடுத்தாங்க. கெண்டைக்கால ஒரு அமுக்கு அமுக்கி விட்டதும் ஸ்பீக்கர்ல உஸ்ஸுனு ஒரு சத்தம், அப்புறம் நீளமா இன்னொரு உஸ்ஸு. அந்த ரெண்டாவது, ரத்தம் திரும்பிக் கீழ இறங்கற சத்தம். அரை செகண்டுக்கு மேல போனாலே வால்வு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமாம். எனக்கு மூணு செகண்ட். நான் பதில் சொல்ல வேண்டிய பாவம் மாதிரி ஸ்கேன் எடுத்த பொண்ணு என்னைப் பாத்தா.

ஆபரேஷன்னதும் கத்தி, மயக்கம், பத்து நாள் படுக்கைன்னுதான் நெனச்சேன். அந்தக் காலத்துல தொடை இடுக்குல கீறிக் குழாயையே உருவி எடுப்பாங்களாம். இப்ப லேசர். மொதல்ல நிக்க வெச்சு, மார்க்கர் பேனாவால கால்ல ஆறு, ஓடைன்னு ரெவின்யூ மேப் மாதிரி வரைஞ்சாங்க. அப்புறம் முழங்கால் பக்கத்துல ஒரு ஊசி ஓட்டை. அது வழியா நூல் மாதிரி ஒரு ஃபைபர், தொடை இடுக்கு வரைக்கும். வலிச்சது லேசர் இல்லீங்க, அதுக்கு முன்னால குழாயச் சுத்திப் போட்ட மரப்பு ஊசிதான். தொடை நெடுக ஒன்னு மாத்தி ஒன்னு, ஜில்லுனு. அந்தத் தண்ணி மரத்துப்போறதுக்கு மட்டுமில்ல, லேசர் சூடு பக்கத்துச் சதையில ஏறாம இருக்கவும்தானாம். அப்புறம் ஃபைபரச் சுடவெச்சுக்கிட்டே மெல்ல வெளிய இழுத்தாங்க. முக்கா மணி நேரத்துல முடிஞ்சுது.

"குழாய அடைச்சுட்டா ரத்தம் எப்படிடி மேல போகும்?" அம்மாவுக்கு இன்னிக்கும் இதுதான் சந்தேகம். ரத்தத்துல பெரும்பங்கக் கொண்டுபோறது சதைக்கு அடியில இருக்கற ஆழமான சிரைங்கதான். அது நல்லா இருக்கான்னு ஸ்கேன்ல பாத்துட்டுத்தான் மேல இருக்கற கெட்டதை மூடறாங்க. அதனால ஸ்கேன் இல்லாம லேசர்னு யாராச்சும் பேசுனா எந்திரிச்சு வந்துருங்க.

முடிஞ்ச கையோட எறக்கிவிட்டு அரைமணி நேரம் வராந்தாவுல நடக்கச் சொன்னாங்க. இதுல நடைதான் மருந்து. அப்புறம் தொடை வரைக்கும் ஒரு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ். அதைப் போடறது ஆபரேஷனவிடப் பெரிய ஆபரேஷன். நர்ஸம்மா ஒரு யுக்தி சொன்னாங்க, பாதத்துல வழவழப்பான பிளாஸ்டிக் கவரப் போட்டுக்கிட்டு அது மேல ஏத்திட்டு, விரல் பக்கமாக் கவர உருவிடணும். எங்க கடை சேலை கவர்தான் அதுக்குப் பயன்பட்டுச்சு. பன்னெண்டு வருஷத்துல கடை என் காலுக்குச் செஞ்ச ஒரே உபகாரம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பரம்பரை உண்டு, எங்க பாட்டிக்கும் இருந்துச்சு. பிரசவமும் உண்டு. ஒத்துக்கறேன். ஆனா காலையில ஒன்பதரைல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் ஒருத்தியை உட்கார விடாம நிக்க வெச்சுட்டு, அதுக்கப்புறம் பரம்பரையக் குத்தம் சொன்னா எப்படி? ஆலைத் தொழிலாளிக்கு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே, 44ஆம் பிரிவுல, நின்னு வேலை பாக்கறவங்களுக்கு உட்கார வசதி தரணும்னு இருந்துச்சு. கடைக்காரப் பொண்ணுங்களுக்கு அது வர எழுபது வருஷம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல விஜிங்கற தையல்காரம்மா, கக்கூசு வசதி கேட்டு ஆரம்பிச்ச 'பெண்கூட்டு'ங்கற பெண்கள் அமைப்பு, அப்புறம் உட்காரவும் கேட்டுப் போராடுச்சு. 2018ல கேரளா சட்டத்தத் திருத்துச்சு. தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு அது வந்தது 2021 செப்டம்பர்ல. அந்த மூணு வருஷம் பாலக்காட்டுக் கடையில நின்ன என் நாத்தனாருக்கு உட்கார உரிமை உண்டு, செக்போஸ்ட் தாண்டுன எனக்கு இல்லை.

சரி, சட்டம் வந்துச்சு. எங்க செக்‌ஷனுக்கு ஒரு ஸ்டூலும் வந்துச்சு. ஆறு பேருக்கு ஒன்னு. மறுவாரமே அது மேல பிளவுஸ் பிட் பெட்டி ஏறிக்கிச்சு. இறக்கி உட்கார்ந்தா மேல கேமரா. யாரும் வாயத் தொறந்து உட்காராதேன்னு சொல்றதில்லை. "கஸ்டமர் வர்ற நேரம்மா, கொஞ்சம் இரும்மா"ன்னு சொல்லுவாங்க. இங்கதான் தமிழ் பி.ஏ. மண்டையில குடைச்சல். மலையாளத்துல 'இரிக்கு'ன்னா உட்காரு. ஆஸ்பத்திரியில நர்ஸ் அதைச் சொன்னப்ப, பழக்கத்துல ஒரு நிமிஷம் நின்னுட்டே இருந்தேன். எங்க கடையில இரும்மான்னா நில்லு.

மொதலாளிய மட்டும் சொல்லிப் புண்ணியமில்ல. உட்கார்ந்துட்டே சேலை விரிச்சுக் காட்டுனா "என்ன மரியாதை இது"ன்னு கல்லாவுல போய்ச் சொல்ற அக்காமாரும் நம்ம ஊருதான். ஸ்டாக்கிங்ஸ் போட்டுட்டு நான் மறுபடியும் வந்த மொத நாளே ஒரு அம்மா சொன்னாங்க. அவங்களும் காலு வலிக்குதுன்னு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துதான் இருபது சேலை பாத்தாங்க.

ஒன்னும் நடக்கலைன்னும் சொல்ல மாட்டேன். இப்ப பெட்டிய எறக்கிட்டோம். ஆளுக்குப் பத்து நிமிஷம் முறை. சூப்பர்வைசர் பாத்தும் பாக்காத மாதிரிப் போறாரு, அவருக்கும் கால்ல இருக்குன்னு எனக்குச் சந்தேகம். உட்கார முடியாத நேரத்துக்கு டாக்டர் சொன்னது, நின்ன எடத்துலயே குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்கறது, கெண்டைக்கால் பம்பு ஓடட்டும்னு. ஆறு பேரும் கவுண்டருக்குப் பின்னால அதைத்தான் பண்றோம். சபரிமலை சீசனுக்குக் கறுப்பு வேட்டி வாங்க வந்த பெரியவரு ஒருத்தர், "ஏன் சாமி, தரை சுடுதா?"ன்னு கேட்டாரு.

ஆஸ்பத்திரி பேரு இங்க போட மாட்டேன், கேக்காதீங்க. புண்ணு ஆறிட்டு வருது. தொடையில நீலம் பாரிச்சது போயிட்டே இருக்கு, உள்ள ஒரு கயிறு இழுக்கற மாதிரி இன்னும் இருக்கு. வலது காலுக்கு ஸ்கேன் தை மாசம். அதுக்கு முன்னால பொங்கல் வியாபாரம் வேற ஒன்னு இருக்கு.